வெளிநாட்டில் சட்டத்தில் பிஎச்.டி. பண்ண வேண்டும், எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சில் ஏழு வருடமாக ப்ராக்டிஸ் பண்ணுகிறேன், பெரும்பாலும் ரிட் வேலைதான் (அரசுத் தரப்பு நடவடிக்கைகளை எதிர்த்துப் போடுகிற மனுக்கள்). அதற்கு முன்னால் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) சுற்றுச்சூழல் சட்டத்தில் முடித்தேன், 68 சதவீதம். வயது 32. கணவருக்கு வங்கியில் வேலை, பையனுக்கு நாலு வயது.

சீனியர் ஆபீஸுக்குக் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகள் நிறைய வரும். ஒரு வாரம் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லிப் பொதுநல வழக்கு வரும், அடுத்த வாரமே அதே தாலுகாவிலிருந்து "நாற்பது வருடமாகக் குடியிருக்கிறோம், காலி பண்ணச் சொல்லாதீர்கள், பட்டா கொடுங்கள்" என்று இன்னொரு கூட்டம் வரும். இரண்டு பக்கமும் நாங்கள் ஆஜராகியிருக்கிறோம், சிரிக்காதீர்கள். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, தினமும் கேஸ் லிஸ்ட் பார்க்கிற வாழ்க்கையில் அதற்கு நேரமே இல்லை.

குழப்பம் இதுதான். ஜே.டி., எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி., டி.ஃபில்., பிஎச்.டி. என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எது உண்மையான டாக்டர் பட்டம்? ஊரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். "முதலில் லண்டனில் ஒரு எல்.எல்.எம். பண்ணுங்க மேடம், அப்புறம் பிஎச்.டி. தானாகக் கிடைத்துவிடும்" என்று 35 லட்சத்துக்கு எஜுகேஷன் லோன் கணக்கே போட்டுக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் வீட்டிலிருந்தே இரண்டு வருடத்தில் ஐரோப்பிய டாக்டரேட் என்றார்கள். இதற்கிடையில் நானே நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. தலைப்பு "இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம்: சிக்கல்களும் தீர்வுகளும்" என்று வைத்திருக்கிறேன். மார்க் குறைவா, வயது கூடுதலா, எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசிவரிசை:

பட்டக் குழப்பத்தை முதலில் முடித்துவிடலாம். ஜே.டி. என்பது அமெரிக்காவில் வக்கீலாவதற்கான அடிப்படைப் படிப்பு, நம் ஊர் எல்.எல்.பி. மாதிரி, பெயரில்தான் டாக்டர். அங்கே ஆராய்ச்சிப் பட்டம் என்றால் எஸ்.ஜே.டி. (ஹார்வர்ட்), ஜே.எஸ்.டி. (யேல், ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, என்.ஒய்.யு.). யேலில் ஜே.எஸ்.டி. சேர வேண்டுமானால் யேலிலேயே எல்.எல்.எம். படித்திருக்க வேண்டும், மற்ற இடங்களிலும் எல்.எல்.எம். வழியாக உள்ளே வருகிறவர்கள்தான் அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் பிஎச்.டி.க்குப் பெயர் டி.ஃபில்., ஜெர்மனியில் டாக்டர் யூர். எல்லாம் ஒரே உயரம்தான். வீட்டிலிருந்தே இரண்டு வருடம் என்றவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

மார்க்கும் வயதும் உங்கள் பிரச்சினையே இல்லை, ஏழு வருட ப்ராக்டிஸ் பலம்தான். நான் இங்கிலாந்தில் மூன்றாம் வருடம், என் பேட்சில் நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாற்பது மெயிலுக்கும் பதில் வராததற்குக் காரணம் அந்தத் தலைப்பு. கோபப்படாதீர்கள், நானும் முதலில் இப்படித்தான் ஒன்று வைத்திருந்தேன். "சிக்கல்களும் தீர்வுகளும்" என்பது நம் ஊர் எல்.எல்.எம். டிசர்டேஷன் அலமாரியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிற தலைப்பு. அதில் கேள்வி எங்கே இருக்கிறது? இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் முழுவதையும் மூன்று வருடத்தில் ஒரு ஆள் என்ன செய்ய முடியும்? அதைப் படிக்கிற பேராசிரியருக்கு, இவர் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்றே தெரியாது, மெயிலை மூடிவிடுவார்.

ஆனால் உங்கள் இரண்டாவது பத்தியைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆஜரானதாகச் சொன்னீர்களே, அதை யாரும் இங்கே உட்கார்ந்து புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் குளம் குட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்றது, 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், 2007-ல் தமிழ்நாட்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் நாடு முழுவதும் பொது நிலத்தை மீட்கச் சொல்லி மறுபடியும் உச்ச நீதிமன்றம். தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் குறைவே இல்லை. அப்படியும் ஏன் உங்கள் ஆபீஸுக்கு வாரா வாரம் அதே வழக்குக் கட்டு வருகிறது? அந்த 'ஏன்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று யோசித்து இங்கே எழுதுங்கள்.

மெயில் விஷயத்தில் இன்னும் ஒன்று. நம் ஊரில் 'கைடு' என்றால் யாராவது ஒரு ஆள், இடம் காலியாக இருந்தால் சரி. இங்கே சூப்பர்வைசர் என்பவர் உங்கள் கேள்வியோடு மூன்று நான்கு வருடம் குடித்தனம் பண்ணப் போகிறவர், அவருக்கே அந்தக் கேள்வியில் ஒரு பசி இருக்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதை விட்டுவிட்டு, உங்கள் விஷயத்தில் எழுதியிருக்கிற ஐந்து பேரைப் படியுங்கள். லண்டன் சோயாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் குலே இந்தியாவின் தண்ணீர்ச் சட்டங்களைப் பற்றியே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் கட்டுரைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். படித்துவிட்டு, எங்கே அவரோடு ஒத்துப்போகவில்லை என்று உங்கள் மெயிலில் நாலு வரி இருந்தால் போதும்.

பழைய கவுன்:

ஏம்மா, ஏழு வருடம் கஷ்டப்பட்டு இப்போதுதான் சொந்தமாக வக்காலத்து வர ஆரம்பித்திருக்கும், அதை விட்டுவிட்டு நாலு வருடம் போனால் கட்சிக்காரன் காத்திருப்பானா? நான் 34 வருடமாக கோர்ட்டில் இருக்கிறேன், டாக்டர் பட்டம் வாங்கினவன் யாரும் அதனால் கூடுதலாக ஒரு ஸ்டே வாங்கி நான் பார்த்ததில்லை. அங்கே போய் பிஎச்.டி. வாங்கினால் அங்கே ப்ராக்டிஸ் பண்ணவும் விடமாட்டான், அதற்குத் தனிப் பரீட்சை, தனிப் பதிவு. சரி, போவது என்று முடிவு பண்ணிவிட்டால் பார் கவுன்சில் விதியை மறந்துவிடாதே. ப்ராக்டிஸை நிறுத்தி வைக்கிறவர் மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, என்ரோல்மெண்ட் சர்டிபிகேட்டின் ஒரிஜினலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பாதிப் பேர் சொல்லாமல் போய்விட்டுத் திரும்பி வந்து முழிக்கிறார்கள்.

ஹோரா எஸ்ட்:

நான் யாழ்ப்பாணம், இப்ப நெதர்லாந்தில் இரண்டாம் வருடம். அக்கா, பணக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை என்றபடியால் நான் எடுக்கிறேன். முதலில் அந்த 35 லட்சக் கடன் வேண்டாம். ஏஜென்சிக்காரருக்குக் கமிஷன் வாறது கட்டணம் கட்டிப் படிக்கிற மாஸ்டர்ஸ் பிள்ளைகளால்தான், உதவித்தொகையோடு போற ஆராய்ச்சி மாணவரால் அவைக்கு ஒரு சதமும் இல்லை. அதனால்தான் எல்லாரையும் எல்.எல்.எம். பக்கம் தள்ளிவிடுகினம். நானும் இங்க வர முதல் ஒரு ஏஜென்சியிடம் மாட்டி, திருப்பித் தராத 'பதிவுக் கட்டணம்' என்று கொஞ்சக் காசைத் தொலைச்சவன்தான்.

இங்க டச்சுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. என்றால் அது வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேணும், நேர்முகம் இருக்கும், எடுத்தால் நாலு வருட ஒப்பந்தம், மாதம் வரிக்கு முதல் சுமார் 3,000 யூரோ சம்பளம், விடுமுறை, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. அதுக்குள்ள ஒரு சிக்கலும் இருக்கு. அந்த இடங்கள் பெரும்பாலும் யாரோ பேராசிரியர் ஏற்கெனவே பணம் எடுத்த திட்டத்துக்குள்ள வாறவை, தலைப்பு அவருடையது, நீங்கள் அதுக்குள்ள உங்கட கேள்வியைப் பொருத்த வேணும். உங்களுக்கு நான் பார்க்கச் சொல்லுறது லைடனில் இருக்கிற வான் வொலன்ஹோவன் நிறுவனம். அந்தப் பெயருக்குரியவர் இந்தோனேசியாவின் அதத் வழக்காற்றுச் சட்டத்தைப் படிச்ச பேராசிரியர், இண்டைக்கும் நிலம், வழக்காறு, அரசு சொல்லுற சட்டத்துக்கும் சனம் நடக்கிற முறைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் அங்க ஆட்கள் ஆர்வமாய்ப் படிக்கிற விஷயம். உங்கட கண்மாய்க் கதையைச் சொன்னால் நித்திரை கொள்ள மாட்டினம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாய்ச் சொல்லுறன். ஜெர்மனியில் முதல் படியே ஒரு பேராசிரியர் ஓம் சொல்லுறதுதான், அதுக்குப் பிறகுதான் பீடத்துக்கு விண்ணப்பம். கட்டணம் அனேகமாய் இல்லை, செலவுக்கு டாட் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) உதவித்தொகையோ மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் (ஹைடல்பெர்க்கில் பொதுச் சட்டம், ஹாம்பர்க்கில் தனியார் சட்டம்) ஒரு இடமோ பார்க்க வேணும். ஆஸ்திரேலியாவில் அரசின்ர ஆர்.டி.பி. உதவித்தொகை கிடைச்சால் கட்டணமும் போய் மாதப் படியும் வரும், ஹாங்காங்கில் 2009-ல் தொடங்கின பிஎச்.டி. ஃபெலோஷிப் நல்ல காசு, டிசம்பர் முதல் நாள் வாக்கில் கதவு மூடிவிடும்.

பிள்ளை இருக்கிறபடியால் இன்னொன்று. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர் குடும்பத்தைக் கூட்டிப்போக ஏலாது, ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போறவர் கூட்டிப்போகலாம். அந்த ஏஜென்சிக்காரர் இதைச் சொன்னவரோ?

வைகைக்கரை:

இல்லை, அவர் சொல்லவே இல்லை. குழந்தை இருக்கிறது என்று நான் மூன்று தடவை சொன்னேன், "பாட்டி வீட்டில் விட்டுவிடலாம் மேடம்" என்றார்.

பழைய கவுன் சார், நீங்கள் சொல்வதைத்தான் என் சீனியரும் சொல்கிறார், வார்த்தைகூட மாறவில்லை. நான் போக நினைப்பது ஸ்டே வாங்க இல்லை சார். திரும்பி வந்து பாடம் நடத்தலாம் என்று ஒரு எண்ணம்.

கடைசிவரிசை கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் கோர்ட்டில் தெரிந்த ஒரு விஷயம் இது. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் இருக்கிற கண்மாய் பொதுப்பணித் துறையிடம் (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். 2007 சட்டம் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கு எழுதினது: சர்வே பண்ணி எல்லை போட்டு அப்புறம் நோட்டீஸ். ஒன்றியக் கண்மாய் என்றால் 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் ஏழாம் பிரிவு நோட்டீஸ், ஆறாம் பிரிவு உத்தரவு என்று பழைய வழியில் போவார்கள். எங்கள் பக்கம் கண்மாய்கள் சங்கிலி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று, மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய் நிறையும். மேலே இருப்பது துறையிடம், கீழே இருப்பது ஒன்றியத்திடம். தண்ணீர் ஒன்று, சட்டம் இரண்டு. ஆக்கிரமிப்பு நடுவில் இருக்கிற வரத்துக்கால்வாயில், அது யாருடையது என்று கேட்டால் தாசில்தார் பி.டி.ஓ.வை (ஒன்றிய வளர்ச்சி அலுவலர்) காட்டுவார், பி.டி.ஓ. ஏ.இ.யை (துறையின் உதவிப் பொறியாளர்) காட்டுவார்.

இது ஒரு ஆராய்ச்சிக் கேள்வியா, இல்லை வெறும் புலம்பலா?

கடைசிவரிசை:

இதை முதல் மெயிலிலேயே எழுதியிருந்தால் நாற்பது பேரில் நாலு பேராவது பதில் போட்டிருப்பார்கள்!

ஆனால் இன்னும் இது ஒரு தகவல்தான், கேள்வியாகவில்லை. "இரண்டு சட்டம் இருக்கிறது, குழப்பம் இருக்கிறது, ஒரே சட்டமாக்க வேண்டும்" என்று முடித்தால் மறுபடியும் சிக்கல்களும் தீர்வுகளும்தான். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நீதிமன்றம் இந்த 40 ஹெக்டேர் கோட்டைப் பார்க்கிறதா, பார்க்காமல் தாண்டிப் போகிறதா? ஒரே சங்கிலியில் இருக்கிற இரண்டு கண்மாய்க்கு வந்த இரண்டு வழக்கில் நீதிபதிகள் வேறு வேறு மாதிரி நடந்துகொண்டார்களா? நிர்வாக வசதிக்காக யாரோ போட்ட ஒரு அளவு, ஒருத்தரை வெளியேற்றலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற கோடாக எப்படி மாறியது? இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வழக்கு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ஆவணம் எங்கே கிடைக்கும் என்று எழுதினால் அதுதான் ப்ரபோசல், அதாவது விண்ணப்பத்தோடு கொடுக்கிற ஆராய்ச்சித் திட்டம். ஆயிரத்து ஐநூறு வார்த்தையிலிருந்து ஆரம்பியுங்கள், இடத்துக்கு இடம் வரம்பு மாறும்.

உள்ளே வந்த பிறகும் அது மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வருடம் நீங்கள் டி.ஃபில். மாணவரே இல்லை, 'ப்ரொபேஷனர்' என்றுதான் பெயர், எழுதியதைக் கொடுத்து இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் மாற்றித் தருவார்கள். என்னுடைய முதல் அத்தியாயம் மொத்தமும் அந்த மாதிரி ஒரு அறையில்தான் செத்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். நம் ஊர்ப் பேராசிரியர் "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார். அப்படி வந்த மூன்று கடிதமும் ஒரே ஆள் எழுதினது என்று இரண்டே வரியில் தெரிந்துவிடும். தவிர, கடிதத்தைப் பதிவேற்றுகிற லிங்க் பேராசிரியரின் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் போக வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள், நம்மவர்கள் பாதிப் பேரிடம் ஜிமெயில் மட்டும்தான். அதனால் இப்போதே பேசி வையுங்கள், உட்கார்ந்து உங்கள் வேலையை விளக்குங்கள். ஒரு கடிதம் நீங்கள் வாதாடிப் பார்த்த யாரிடமாவது இருந்தாலும் நல்லதே. ஆங்கிலப் பரீட்சையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் மொத்தம் 7.5, ஒவ்வொன்றிலும் 7 வேண்டும், மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அக்டோபரில் சேர முந்தைய டிசம்பர், ஜனவரியில் கதவு மூடும், அதனால் இந்த வருடம் அவசரப்படாதீர்கள் என்பது என் கருத்து.

திரும்பி வந்தவன்:

தாமதமாக வருகிறேன். வெளியே முடித்துவிட்டு இப்போது ஒரு சட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், அந்தப் பக்கக் கதையைச் சொல்கிறேன்.

பாடம் நடத்தத் திரும்பி வருவதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒரு இடத்தில் மட்டும் உண்மையான மதிப்பு உண்டு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, க்யூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில் முதல் 500-க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. இருந்தால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லாமலே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மற்றபடி முதல் பத்தா முன்னூறாவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுப் பட்டம் இங்கே உள்ளதற்குச் சமம் என்ற இணைச் சான்று தனி வேலை, அதற்கு யுஜிசி 2025-ல் புது விதிகள் கொண்டுவந்திருக்கிறது. நான் முடித்த காலத்தில் ஒரு அலுவலகத்துக்கு எத்தனை தடவை அலைந்தேன் என்று கேட்காதீர்கள், அட்மிஷன் கடிதம் முதல் கடைசி ரசீது வரை ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

உதவித்தொகையில் மற்றவர்கள் சொல்லாதது: பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கிறது, வருடத்துக்கு 125 இடம், 35 வயதுக்குள். நீங்கள் அந்தப் பிரிவா என்று எனக்குத் தெரியாது, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம். அதில் 2022-ல் ஒரு வரி நுழைத்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று. இந்தியாவின் சட்டத்தை இந்திய ஊரை வைத்துப் படிக்கப் போகிறவருக்கு இது பெரிய இடி, விண்ணப்பிக்கிற வருடத்தின் வழிகாட்டுதலை வரி வரியாகப் படியுங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சோயாஸுக்கும் ஃபீலிக்ஸ் என்று ஒன்று, அது இந்திய மாணவர்களுக்கு.

பணம் பாதிதான் கிடைத்தது, மீதியைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அம்பேத்கருக்கே பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது, காசு சேர்த்துக்கொண்டு மறுபடி கப்பல் ஏற 1920 ஆகிவிட்டது.

முழுதாக நாலு வருடம் வெளியே போக முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இங்கே ஒரு நல்ல கைடிடம் பதிவு செய்துகொண்டு ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல் ஃபெலோஷிப்பில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய் வரலாம். உங்கள் ஆவணம் எல்லாம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் தாலுகா ஆபீஸ்களில்தான் இருக்கிறது. லைடனில் உட்கார்ந்தாலும் ஒரு வருடம் நீங்கள் இங்கே வந்து அ-பதிவேட்டைத்தான் (கிராம நிலப் பதிவேடு) புரட்டிக்கொண்டிருப்பீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஹோரா எஸ்ட்:

திரும்பி வந்தவன் அண்ணா சொல்லுறது சரி, என்ர திட்டத்திலும் களவேலைக்கு எட்டு மாதம் ஒதுக்கியிருக்கு. ஆனால் தூர இருந்து எழுதுறதிலும் ஒரு நன்மை உண்டு, ஊரில இருந்தால் எனக்குக் கலியாணவீடு, அந்தியேட்டி (செத்தவீட்டுச் சடங்கு) என்று வாரத்தில் மூன்று நாள் போயிடும்.

ஆரோ தனிமடலில் என்ர பெயருக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டிருந்தவை. இங்க இறுதித் தேர்வு ஊர் பார்க்க நடக்கும், அம்மா அப்பா எல்லாம் முன்வரிசையில் இருப்பினம். கேள்வி மேல கேள்வி கேப்பினம், நேரம் முடிய, கோலோடு ஒரு அலுவலர் உள்ளுக்க வந்து "ஹோரா எஸ்ட்" எண்டு லத்தீனில் சொல்லுவா. நேரமாச்சு எண்டு அர்த்தம். அந்தச் சொல்லைக் கேக்கத்தான் நாலு வருடம்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் குடும்ப விசா விஷயத்தைச் சொன்னேன், இப்போது அவர்தான் என்னைவிட வேகமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். ஏஜென்சிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன், இன்னும் தினமும் போன் பண்ணுகிறார்கள்.

கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "ஒரே கண்மாய்ச் சங்கிலியில் இரு வேறு சட்டங்கள்: ஆயக்கட்டு அளவு எப்படி வெளியேற்றத்தின் அளவுகோலானது? மதுரைக் கிளையின் வழக்குகள், 2007 முதல்". மதுரைக் கிளை 2004-ல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தைய வழக்குகள் எல்லாம் சென்னையில் இருக்கும், அதை எப்படிச் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கடைசிவரிசை:

2007 முதல் என்று வைத்தால் அந்தச் சட்டத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை ஒப்பிட ஒன்றும் இருக்காதே. குறைந்தது பத்து வருடம் பின்னால் போங்கள். பழைய வழக்குக் கட்டுகள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பழைய கவுன்:

என் ஆபீஸ் மாடியில் 1991-லிருந்து ஓடைப் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு கட்டுகள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. முடிந்த வழக்குகள்தான், கட்சிக்காரர் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, ஆனாலும் பெயர்களை வெளியில் எழுதாதே. கொஞ்சத்தை எலி சாப்பிட்டுவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் குமாஸ்தா இருப்பார், மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கொண்டு வாம்மா. தனிமடலில் முகவரி அனுப்புகிறேன்.